வாடைப் பக்கத்துப் பிரேக்

நம் ஊர் மேட்டுப்பாளையத்துப் பணிமனையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி உங்கள் மேஸ்திரி கேட்டார். ஓய்வு பெற்றவனிடம் நாலு வார்த்தை கேட்பது, பசியோடு நிற்பவனைப் பார்த்துப் பந்திக்கு வருகிறாயா என்று கேட்பது மாதிரி. நாலோடு நிற்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது ஒரு புதுப் பிக்கப் வண்டியைக் காட்டினீர்கள். ஒரு குமிழைத் திருகினால் நான்கு சக்கரமும் இழுக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் பின் அச்சு பூட்டிக்கொள்கிறது. “இனிமே மணலாவது சேறாவது, கவலையே இல்ல சார்” என்று உங்களில் ஒருவர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கவலை இல்லாத வண்டியை நான் பார்த்ததே இல்லை. ஆள் ஏறி உட்கார்ந்ததுமே கவலையும் கூடவே ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

அந்தப் பூட்டும் பொத்தானும் இல்லாத காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ரெட்டியார்பாளையம் போகும் ரோட்டில் ஒரு கராஜில் நான் தலைமை மெக்கானிக். முல்லா வீதியில் எங்கள் குடும்பத்துக்குத் தகரப் பட்டறை உண்டு. ஈயம் பற்றவைத்துப் பழகிய கை இரும்புக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். கராஜ் முதலாளி ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் லாரி ஓட்டியவர். எல்லோருக்கும் அவர் ‘பத்ரோன்’. முதலாளி என்பதற்குப் பிரெஞ்சு வார்த்தை அது. அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஒருநாள் அஞ்சலை ஒரு வண்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்தினாள். அஞ்சலை பிள்ளைச்சாவடிக்காரி, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள், மீன் வியாபாரம். கூடையைத் தலையில் சுமந்து கடற்கரை ரோட்டில் டவுன் மார்க்கெட்டுக்கு நடந்தே வருகிறவள். அவள் வந்து சேருவதற்குள் வெயில் ஏறி மீன் துவண்டுபோகும், விலையும் கூடவே துவளும். அவளும் அவள் தெருப் பெண்களும் தோடு, மூக்குத்தி எல்லாம் கழற்றிக் கொடுத்து, மதராஸில் ஏலத்துக்கு வந்த ஒரு ராணுவ வண்டியை வாங்கியிருந்தார்கள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. இன்றைக்கு நீங்கள் பிக்கப் என்கிறீர்களே, அதற்குப் பாட்டன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி.

ஓட்டுகிறவன் அவள் கொழுந்தன் ஏழுமலை. கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவன், வண்டிக்காகக் கடலை விட்டுக் கரையேறியவன்.

“பாய், நாலு சக்கரமும் இழுக்கும்னுதான் வாங்கனோம்” என்றாள் அஞ்சலை. “மண்ணுல எறங்கனா பன்னி மாதிரி படுத்துக்குது. கடலூர்ல ஒருத்தன் உள்ள இருக்கற பல்லையெல்லாம் ஒண்ணா பத்த வெச்சுட்டானாம், வண்டி பிச்சிக்கினு போவுதாம். இதுக்கும் பத்த வெச்சுடு.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. ஒரு அச்சில் இரண்டு சக்கரம். நடுவே இருக்கும் பற்சக்கரக் கூட்டத்தை நாம் டிப்ரென்ஷியல் என்கிறோம். அதன் சுபாவம் வேடிக்கையானது. எந்தச் சக்கரம் சும்மா சுற்றுகிறதோ, அதற்கே சுழற்சி முழுவதையும் கொடுத்துவிடும். உழைக்கும் மருமகளை விட்டுவிட்டு, ஊர் சுற்றும் மகனுக்கு நெய் ஊற்றும் மாமியார் மாதிரி. நான்கு சக்கர வண்டி என்று பேர், மணலில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும்தான் சுற்றும். மற்ற இரண்டும் வேடிக்கை பார்க்கும். பல்லைப் பற்றவைத்துவிட்டால் மாமியாரின் ஓரவஞ்சனை ஒழியும். இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றும்.

ஆனால் சேர்ந்தேதான் சுற்றும். திரும்பும்போதும்! வண்டி ஒரு மூலையில் திரும்பினால் வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கத்துச் சக்கரம் குறைவாக. அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கத்தான் டிப்ரென்ஷியல். எங்கள் ஊரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி கட்டிய ஊர். மார்க்கெட்டுக்குப் போக எத்தனை மூலை திரும்ப வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். கெட்டியான ரோட்டில், மீன் பாரத்தோடு, ஒவ்வொரு மூலையிலும் அந்த அச்சு முறுக்கிக்கொள்ளும். டயர் தேயும். ஒருநாள் அச்சே முறியும். அது முறிகிற நாளில் எதிரே யார் வருவார்கள் என்று யார் கண்டது?

“முடியாதுக்கா” என்றேன்.

“முடியாதுன்னு சொல்றதுக்கா இவ்ளோ பெரிய கொட்டாய போட்டு ஒக்காந்துக்கினு இருக்கீங்க?”

அஞ்சலை கோபித்தால் தெரு முழுக்கக் கேட்கும். பத்ரோன் உள்ளேயிருந்து வந்து என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “கேட்டதச் செஞ்சு குடு. பத்த வெக்கறது நம்ம வேல. ஓட்டறது அவங்க வேல” என்றார்.

“நீங்க ஆப்பிரிக்காவுல பத்த வெச்சா ஓட்டனீங்க, பத்ரோன்?”

அவர் சுருட்டின் சாம்பலைத் தட்டினார். “அங்க மூலையே இல்ல” என்றார். “இங்க மூலையத் தவிர வேற எதுவும் இல்ல.” அப்புறம் சொன்னார்: “மணல்ல நாங்க டயர்ல காத்த எறக்கிடுவோம். ஒட்டகத்துக் கால் மாதிரி பரந்துக்கும். உன் இஷ்டப்படி செய். ஆனா அந்தம்மா திரும்பி வந்து கத்தனா நான் பின்கட்டுல இருப்பேன்.”

ஒரு முதலாளியிடமிருந்து இதற்கு மேல் என்ன அனுமதி வேண்டும்?

கரும்புத் தோட்டத்து டிராக்டர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக், வலது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக் என்று தனித்தனியாக இருக்கும். சும்மா சுற்றும் சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்தினால், சுழற்சிக்குப் போக வேறு இடம் இல்லாமல் மற்றச் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மாமியாரின் நெய்க் கிண்ணத்தை மகன் கையிலிருந்து பிடுங்குகிற வேலை. ரோட்டில் இரண்டையும் விட்டுவிட்டால் வண்டி பழைய வண்டிதான், மூலையில் ஒழுங்காகத் திரும்பும். அஞ்சலையின் வண்டிக்கும் அப்படி இரண்டு கைப்பிடிகளை ஓட்டுகிறவன் பக்கத்தில் வைத்து, கம்பி இழுத்து, பின் சக்கரங்களோடு சேர்த்துக் கொடுத்தேன்.

ஏழுமலை ஒரே நாளில் பழகிவிட்டான். “துடுப்பு மாதிரிதான பாய்? எந்தப் பக்கம் தண்ணிய அழுத்திப் புடிக்கிறமோ அந்தப் பக்கம் மரம் அடங்கும்” என்றான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அஞ்சலைக்கு மட்டும் திருப்தியில்லை. “பத்த வெக்கச் சொன்னா கொக்கி மாட்டிக் குடுக்கறான்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கும் அவர்களுக்கும் தகராறு. கரையில் வண்டியைச் சோதித்துப் பார்த்தபோது கவனித்தேன். ஏழுமலை வண்டியை எப்போதும் கடலைப் பார்த்தே நிறுத்துகிறான். மூக்கு அலைப் பக்கம், தொட்டி ஊர்ப் பக்கம். “திருப்பி நிறுத்துப்பா. சிக்கிக்கிட்டா மேட்டுல பின்னாடியே ஏற முடியாது” என்றேன்.

“கடலுக்கு முதுவ காட்டறதா?” என்றான். நான் ஏதோ அவன் தாயை ஏசிவிட்ட மாதிரி பார்த்தான். கட்டுமரத்தின் தலையைக் கடலைப் பார்த்து வைக்கிறவர்கள் அவர்கள். அலைக்கு முகம் கொடுக்கிற மரம்தான் தப்பிக்கும், முதுகு கொடுத்தால் கவிழும். அந்தப் பழக்கத்தில்தான் வண்டியையும் நிறுத்தினான். பானட்டில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்த அஞ்சலை, “அதெல்லாம் எங்க ஊர்க் கட்டு, பாய். நீ கொக்கியோட நிறுத்திக்க” என்றாள். அடுத்தவர் கடலம்மாவோடு எனக்கென்ன வழக்கு?

அடுத்த வாரம் ஒரு காலை சைக்கிளில் பிள்ளைச்சாவடிக்குப் போனேன். புதுக் கம்பி இழுபடும், ஒருதரம் இறுக்கிக் கொடுக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே கரையில் நின்றது. கரைவலையில் கானாங்கெளுத்தி கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. மீனைத் தூக்கும் தூரத்தைக் குறைக்க ஏழுமலை வண்டியை ஈர மணல்வரை இறக்கியிருந்தான். வழக்கம்போல மூக்கு கடலுக்கு. தொட்டி நிறைய மீன்.

ஈர மணலைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஓடுகிற வண்டியை அது தாங்கும், நிற்கிற வண்டியைத் தாங்காது. ஒவ்வோர் அலையும் திரும்பிப் போகும்போது சக்கரத்துக்கு அடியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு போகும். மீன் ஏற்றும் மும்முரத்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. முன் சக்கரம் இரண்டும் பாதிவரை இறங்கிவிட்டன. நீர்மட்டமும் ஏறிக்கொண்டிருந்தது. ஏழுமலை ரிவர்ஸ் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தான். பின் சக்கரம் ஒன்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டு குழி தோண்டியது.

ஆளாளுக்கு நாட்டாமை. ஒருவன் கயிறு கொண்டுவா என்கிறான், இன்னொருவன் முறுக்கு முறுக்கு என்கிறான். அஞ்சலை என்னைப் பார்த்துவிட்டாள். “வந்தியா? வா! அன்னிக்கே பத்த வெச்சிருந்தா இந்தக் கதி வருமா? எங்க தெருப் பொம்பளைங்க காதப் பாரு, மூக்கப் பாரு! எல்லாம் மூளியா நிக்குதுங்க! வண்டி கடலுக்குப் போச்சுன்னா நாளைக்கு மறுபடியும் கூடதான்!”

தம்பிகளே, எனக்குப் பயமாக இருந்தது. உள்ளபடியே சொல்கிறேன். அவள் சொல்வதுதான் சரியோ என்று ஒரு கணம் தோன்றிற்று. பற்றவைத்திருந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுத்து இந்நேரம் வண்டி மேலே நிற்குமோ? அப்படித் தோன்றும் நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். நேற்று எடுத்த முடிவைப் பற்றி நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைக்க வேண்டும். அலை உங்கள் மனச்சாட்சிக்காகக் காத்திருக்காது.

“காலை எடுடா!” என்று கத்தினேன். ஏழுமலை ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். முறுக்கலை நிறுத்துவதுதான் முதல் வேலை. முறுக்க முறுக்கக் குழிதான் ஆழமாகும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, மணலில் அதை டயரால் எழுதிக் காட்டலாம்.

மீனை இறக்கச் சொன்னேன். முதல் கூடையை அஞ்சலையே இழுத்தாள். பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றி மேட்டில் கொட்டினார்கள். இன்னும் சிலர் பின் சக்கரத்துக்குப் பின்னால் மண்ணைத் தோண்டித் தென்னங்கீற்றைப் போட்டார்கள். நான் குனிந்து ஒவ்வொரு டயராகக் காற்றை இறக்கினேன்.

அந்தச் சத்தம் கேட்டதும் கரை முழுக்க ஒரு கூச்சல். “ஐயோ, இருந்த காத்தையும் புடுங்கறான்!” ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்தார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். படுத்துக் கிடக்கிறவனின் மூச்சைப் பிடுங்குகிற மாதிரிதான் அது இருக்கும், தெரியாதவர்களுக்கு. அளவுக்கு மேல் இறங்கிவிட்டால் டயர் வளையத்தைவிட்டுக் கழன்று வரும், அப்புறம் வண்டி அங்கேயேதான். எங்கே நிறுத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பத்ரோன் சொன்ன ஒட்டகத்துக் காலை நினைத்துக்கொண்டேன். டயரின் அடி தோசை மாதிரி பரந்ததும் நிறுத்தினேன்.

“இப்ப மெதுவா ரிவர்ஸ்!”

ஏழுமலை உடம்பை முழுக்கத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டு கிளச்சை விட்டான். வண்டி அசைந்தது. அசைந்து நின்றது. இடது பின் சக்கரம் கீற்றைத் தள்ளிவிட்டுச் சும்மா சுற்றியது.

“இடது! இடது கைப்பிடிய இழு!” என்றேன்.

அவன் இழுத்தான். இடது சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுற்றிக் குழிக்குள் போயிற்று. நான் மறுபடியும் இடது என்று கத்தினேன், அவன் மறுபடியும் இழுத்தான். அவன் சரியாகத்தான் செய்தான்! ஊரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறவனுக்கு எது இடது? அவனுடைய இடது வண்டியின் வலது. நான் வண்டியின் இடதைச் சொல்கிறேன், அவன் தன் இடதை இழுக்கிறான். இதை விளக்கிச் சொல்ல நேரம் எங்கே இருக்கிறது? ஓர் அலை வந்து பானட்டில் இருந்த குங்குமத்தைக் கழுவிக்கொண்டு போயிற்று.

என் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்ற அஞ்சலை ஒரு தரம் சக்கரத்தைப் பார்த்தாள், ஒரு தரம் கொழுந்தன் கையைப் பார்த்தாள். பிறகு கடலையும் தாண்டிக் கேட்கிற குரலில் கத்தினாள்:

“டேய் ஏழுமல! வாடப் பக்கம் புடிடா! வாட!”

வாடை என்றால் வடக்கேயிருந்து அடிக்கிற காற்று. கடலில் அவர்களுக்கு இடது வலது கிடையாது. மரம் எப்படித் திரும்பினாலும், ஆள் எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும், வாடை வடக்கேதான் இருக்கும். ஏழுமலையின் கை தானாகவே மாறிற்று. அவன் யோசிக்கவே இல்லை. வடக்குப் பக்கத்துக் கைப்பிடியை இழுத்தான். சும்மா சுற்றிய சக்கரம் நின்றது. தெற்குச் சக்கரம் ஒரு பிடி பிடித்தது. வண்டி முனகிக்கொண்டு பின்னால் ஏறிற்று.

“தென்னப் பக்கம்!” என்றாள், தெற்கை. அவன் மாற்றிப் பிடித்தான். “வாட! வுட்டுடு, வுட்டுடு! தென்ன!” இப்படியே அவள் சொல்லச் சொல்ல, அவன் துடுப்புப் போடுகிற மாதிரி மாறி மாறிப் பிடித்து, அந்தப் பாட்டன் வண்டியை மேட்டு மணல்வரை கொண்டுபோய் நிறுத்தினான். சொல்ல என்னிடம் இடது வலது மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது கல்யாண வீட்டுக் கூத்து. ராணுவ வண்டியோடு வந்த கைப்பம்பு ஒன்றே ஒன்று. என் சட்டையைப் பிடித்த பெரியவர் உட்பட ஊரே முறை போட்டுக்கொண்டு காற்று அடித்தது. ஏழுமலை சிரித்துக்கொண்டே, “பாய், கொக்கி மேல வாட, தென்னன்னு எழுதிக் குடுத்துடு” என்றான்.

“வண்டி திரும்பினா வாடை அடுத்த கொக்கிக்குப் போயிடுமேப்பா?”

“அது எங்களுக்குத் தெரியும். ஒனக்குத் தெரியட்டுமேன்னு சொன்னேன்.”

கரை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? அவன் டவுனிலும் இடது வலது இல்லாமல் வடக்கு தெற்கு பார்த்துத்தான் ஓட்டினான். கோடு போட்ட வீதிகளில் வடக்கும் தெற்கும் பிசகுவதில்லை.

கடலூர் வண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே ஓடிற்றாம். அது செங்கல் சூளையில் மண் அடிக்கிற வண்டி. திரும்புவதற்கு ஒரு மைதானம் இருந்தது. அவர்களுக்கு அது சரி. எங்களுக்கு இது சரி. ஒரு ஊரில் பலித்த வைத்தியத்தை அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வேன். இன்னொன்றும் சொல்வேன். பொத்தானை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது வண்டியை மட்டும் பார்க்காதீர்கள். அதைத் தொடப்போகிறவன் அந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான் என்றும் பாருங்கள்.

மீனை மறுபடியும் ஏற்றினார்கள். ஏழுமலை வண்டியை எடுத்துப் பழக்கப்படி ஒரு வட்டம் அடித்து, மூக்கைக் கடலுக்குக் காட்டி நிறுத்தப் போனான். அஞ்சலை குறுக்கே போய் நின்றாள்.

“திருப்பி நிறுத்து.”

“அண்ணி, கடலுக்கு முதுவு...”

“மரத்துக்குப் பொழப்பு கடல்ல. அது கடலப் பாத்து நிக்குது. இதுக்குப் பொழப்பு ரோட்டுல. இது ரோட்டப் பாத்து நிக்கட்டும்.” பிறகு கடலைப் பார்த்து, கூடப் பிறந்தவளிடம் சொல்வது மாதிரி, “தப்பா எடுத்துக்காத தாயே” என்றாள்.

ஏழுமலை வண்டியைத் திருப்பினான். அஞ்சலை முந்தானையால் பானட்டில் இருந்த உப்பைத் துடைத்துவிட்டுப் புதுசாகக் குங்குமம் வைத்தாள். என்னிடம் நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. “கொக்கி இருக்கட்டும்” என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது, இன்றும் போதுமாக இருக்கிறது.

நீங்கள் பிள்ளைச்சாவடிப் பக்கம் போனால் கரையில் மீன் ஏற்ற நிற்கும் பிக்கப்களைப் பாருங்கள். மரங்கள் எல்லாம் கடலைப் பார்த்துக் கிடக்கும், வண்டிகள் எல்லாம் ரோட்டைப் பார்த்து நிற்கும். ஏன் என்று கேட்டால், அது ஆதி காலத்திலிருந்து வருகிற கட்டு என்பார்கள். நீங்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். அந்த ஆதி காலத்தில் நான் அங்கேதான் நின்றேன், இடுப்புவரை நனைந்துபோய், எது இடது என்று தெரியாமல்.